இருபதாம் எண் குழாய்

இடது கையில் தேட வேண்டாம் அம்மா. அங்கே கிடைக்காது. வலது கை, முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, சற்று உட்புறமாக. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். இல்லை, ஊசியை இப்போதே எடுக்க வேண்டாம். முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம், உடையாது.

அடையாள அட்டையைக் காட்டினீர்கள், நன்றி. ரஹ்மத் நிஷா. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவர்களில் நான் கேட்காமலே அட்டையைக் காட்டியவர் நீங்கள்தான். அந்த நீலப் பெட்டியைத் திறந்து காட்ட முடியுமா? ஐஸ் பொதிகள் நான்கு. தொட்டுப் பார்க்கலாமா? சரி. நன்றாக உறைந்திருக்கின்றன. குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஐஸ் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

உங்கள் சீட்டைப் படியுங்கள், கேட்போம். சர்க்கரை. யூரியா. கிரியாட்டினின். கொழுப்பு வகைகள். கடைசி வரியையும் படியுங்கள். ஆம், அப்போலிப்போபுரோட்டீன் பி. நீளமான பெயர். நாங்கள் அப்போபி என்று சுருக்கிச் சொல்வோம். அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டுக்கு மாடிப்படிகள் பதினாறு. மூன்று வாரமாகப் பன்னிரண்டாவது படியில் நெஞ்சில் ஓர் அழுத்தம் வருகிறது. பதினோராவது படியில் இல்லை, பன்னிரண்டாவதில். அதை இதய மருத்துவரிடம் சொன்னேன். அவர் இந்தச் சீட்டை எழுதினார். கடைசி வரியை அடித்துவிடச் சொன்னேன். "இந்த ரிசல்ட் இல்லாம நான் மருந்து எழுத மாட்டேன் மேடம், நீங்களே இந்தத் துறை" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் முப்பது ஆண்டுகளாக இந்த ஒரு சோதனையை மட்டும் என் உடம்பில் யாரும் செய்ய நான் விட்டதில்லை. இன்று விடலாமா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த வீட்டுக்கு நீங்கள் ஏழரை மணிக்குப் போனால் போதும் என்றீர்கள். இப்போது ஆறு நாற்பது. எனக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும்.

நான் எழுதுவது போலப் பேசுகிறேன் என்று சொல்வார்கள். பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செண்பகவல்லி. இதே பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் உயிர்வேதியியல் ஆய்வகத்தை நடத்தினேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அது வேறு கைகளில் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில், தெற்கே வேறு எங்கும் இல்லாதபோது, அப்போபியை அளக்கத் தொடங்கியவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் நானும் பிலோமினாவும்.

அப்போபி என்றால் என்ன என்று தெரியுமா? குழாயில் எடுத்துக்கொண்டு போகிறீர்கள், தெரிந்திருந்தால் நல்லது. இரத்தத்தில் கொழுப்பு தானாக மிதந்து போகாது. அதைச் சுமக்கும் உருண்டைகள் உண்டு. கெடுதல் செய்யும் உருண்டை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அப்போபி புரதம் இருக்கும். வண்டிக்கு ஓர் ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பை அளந்தால் சரக்கின் எடை தெரியும். அப்போபியை அளந்தால் சாலையில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று தெரியும். வண்டிகள் கூடக் கூடத்தான் குழாய்ச் சுவரில் மோதும்.

இந்த உவமையை நான் ஒருவருக்குச் சொன்னபோது, "அப்போ நம்மள மாதிரி ஒரு டிரைவர் ஒவ்வொரு வண்டியிலயும் உக்காந்திருக்கான்னு சொல்லுதீங்க. கண்டக்டர் யாரு டாக்டரம்மா?" என்று கேட்டார். கண்டக்டர் இல்லை என்றேன். "அதாம் டிக்கெட் இல்லாம கண்ட கழுதையும் ஏறுது" என்றார். சேவியர் என்று பெயர். தூத்துக்குடி வழித்தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டியவர். பிலோமினாவின் கணவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

இன்று உங்கள் இயந்திரம் பத்து நிமிடத்தில் எண்ணைத் துப்பிவிடும். அன்று இரண்டு நாள் வேலை. அதற்கும் பல வாரம் முன்பே மனித இரத்தத்திலிருந்து அப்போபியைப் பிரித்து ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுவைப்போம். ஆட்டின் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்க்கும் புரதத்தை உண்டாக்கும். ஆன்டிபாடி. அப்போபியைத் தவிர வேறு எதையும் அது பிடிக்காது. அந்த நேர்மைதான் இந்தச் சோதனையின் உயிர். எங்கள் ஆட்டுக்குப் பிலோமினா மரிக்கொழுந்து என்று பெயர் வைத்திருந்தாள். ஆய்வக விலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சொன்னேன். அடுத்த வாரம் அதன் கழுத்தில் ஒரு மணி தொங்கியது.

ஆட்டின் ஆன்டிபாடியைக் கடற்பாசிக் கூழில் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றுவோம். ஓரத்தில் சிறு குழிகள் இட்டு, குழிக்கு ஒரு நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை விட்டு, மின்சாரம் பாய்ச்சுவோம். அப்போபி கூழுக்குள் ஊர்ந்து போகும். போகும் வழியெல்லாம் ஆன்டிபாடி அதைப் பிடித்து நிறுத்தும். மறுநாள் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குழிக்கு மேலும் நீலநிறத்தில் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும். தாழம்பூ மடல் போல. உயரமான மடல் என்றால் நிறைய அப்போபி. மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து நான்தான் அளப்பேன். பிலோமினா குறித்துக்கொள்வாள்.

ஆனால் உயரம் மட்டும் போதாது. இத்தனை மில்லிமீட்டர் என்றால் இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல, மதிப்புத் தெரிந்த ஒரு சீரம் பக்கத்திலேயே ஓட வேண்டும். அதை ஸ்டாண்டர்டு என்போம். வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு குப்பி வந்தது. அது தீர்ந்தால் இன்னொன்றுக்கு ஒன்றரை வருடம் ஆகும், வந்து சேரும்போது கெட்டும் போயிருக்கலாம். ஆகவே அந்தக் குப்பியை வைத்து உள்ளூரிலேயே ஒருவருடைய சீரத்தை அளந்து மதிப்பிட்டு, அதையே ஸ்டாண்டர்டாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். யாருடையது? ஒரே மாதிரி உண்பவர், ஒரே நேரத்தில் உறங்குபவர், நோய் இல்லாதவர், மருந்து உண்ணாதவர், ஊரை விட்டுப் போகாதவர் வேண்டும். ஆய்வகத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொருவரையும் ஆராய்ந்தேன். என்னைத் தவிர ஒருவரும் தேறவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அது அறிவியல் முடிவு. என் மதிப்பு தொண்ணூற்றிரண்டு. வெளிநாட்டுக் குப்பி தீரும்வரை மூன்று முறை சரிபார்த்தேன். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. உறைய வைத்த சீரத்தை ஆறு மாதத்துக்கு மேல் ஸ்டாண்டர்டாக நான் நம்புவதில்லை. ஆகையால் ஜனவரியில் முதல் வேலை நாள், ஜூலையில் முதல் வேலை நாள், ஆண்டுக்கு இருமுறை என்னிடம் புதிதாக இரத்தம் எடுக்கப்படும். அதன் மதிப்பும் அதே தொண்ணூற்றிரண்டு என்றே எழுதுவோம். அன்று வெறும் வயிற்றோடு போவேன். இந்த நரம்பைக் கண்டுபிடித்தவள் பிலோமினா. மற்ற யாருக்கும் இது கிடைத்ததில்லை. எடுத்து முடித்ததும் தூக்குச்சட்டியைத் திறப்பாள். அவல் உப்புமா, கடுகு தாளித்த தேங்காய்ச் சட்டினி. என் பங்கைத் தனியாகத்தான் வைத்திருப்பாள். நான் யாரோடும் சேர்ந்து உண்பதில்லை. ஆண்டுக்கு அந்த இரண்டு நாள் மட்டும் உண்டேன்.

அப்படி ஒன்பது ஆண்டுகள். தென்மாவட்டத்து மக்களின் இரத்தம் முழுவதும் என் இரத்தத்தோடு ஒப்பிடப்பட்டது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பொறுப்பாகச் சொல்கிறேன். அந்தப் பொறுப்புக்காக நான் ஒரு வடையைக்கூட அதிகமாகத் தின்றதில்லை. திருமண வீடுகளில் இலையில் உட்காராமல் வந்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளும் நான் மாறவில்லை. மற்றவர்கள் மாறினார்கள். முருகன்குறிச்சியில் எனக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த தையற்காரர், இருபது ஆண்டு பழக்கம், தொண்ணூற்றொன்றாம் ஆண்டிலிருந்து அளவு தவறத் தொடங்கினார். ஒவ்வொரு ரவிக்கையும் இறுக்கமாகவே வந்தது. "ஒங்களுக்குத்தாம்மா ஒரு சுத்து கூடியிருக்கு" என்று என்னிடமே சொன்னார். அளவுநாடா பழசாகிச் சுருங்கிவிட்டது, மாற்றுங்கள் என்றேன். மாற்றவில்லை. நான் தையற்காரரை மாற்றினேன். அந்த ஆண்டுகளில் எனக்கு உறக்கம் குறைவு, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். வேலைப் பளு.

எங்கே விட்டேன்? ஆம். ஆய்வகத்தின் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். தினமும் நோயாளிகளோடு ஒரு சரிபார்ப்புச் சீரத்தையும் ஓட்டி அதன் மதிப்பை அதில் புள்ளியாக வைப்போம். புள்ளிகள் மேலும் கீழும் ஆடினால் வேலை சரியில்லை என்று பொருள். எங்கள் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல ஓடியது. அந்தச் சரிபார்ப்புச் சீரத்தின் மதிப்பை எப்படிக் குறித்தோம் என்கிறீர்களா? என் சீரத்தை வைத்துத்தான். வேறு எதை வைத்துக் குறிப்பது?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஒரு நாள் பிலோமினா, "மேடம், இப்பல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் கம்மியாவே வருத மாதிரி இருக்கு" என்றாள். நானும் கவனித்திருந்தேன். ஊரின் சராசரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தது. காரணமும் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்ணார்பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் எண்ணெயைக் குறைப்பது பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். மக்கள் கேட்டுத் திருந்துகிறார்கள் என்றேன். "திருந்துதாவளா? சாயங்காலம் பஜ்ஜிக் கடையில நிக்க எடமில்ல மேடம்" என்றாள். நான் அதைக் கட்டுரையாக எழுதி ஒரு மாநாட்டில் படித்தேன். தாமிரபரணிக் கரை மக்களிடையே அப்போபி குறைந்துவருவது பற்றி. கேடயம் கொடுத்தார்கள். அதோ, கடிகாரத்துக்குக் கீழே.

இன்னொரு நாள், "ஒரு குப்பி ஸ்டாண்டர்டு புதுசா வரவழைச்சிரலாம் மேடம். ஒருக்க ஒத்துப் பாத்துக்கலாம்லா" என்றாள். என்னைவிடக் கட்டுப்பாடாக வாழ்ந்த ஓர் ஆளை அந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கே பிடித்து இரத்தம் எடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். அந்த ஜூலையில் இரத்தம் எடுக்கும்போது, "மேடம், ஒங்க கையெல்லாம் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? தைராய்டு பாத்தா என்ன?" என்றாள். உன் வேலை என் நரம்பு, என் தைராய்டு இல்லை என்றேன். சற்றுக் கடுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் உப்புமா உண்டோம்.

சேவியரிடம் வருகிறேன்.

தொண்ணூற்று மூன்று பிப்ரவரி. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கியர் மாற்றும்போது இடது தோளில் வலி என்று மருத்துவரிடம் வந்தார். கொழுப்பு நடுவாந்தரமாக இருந்தது. இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. மருத்துவர் என்னிடம் அனுப்பினார். அப்போபி மிகுதி என்றால் மருந்து, பேருந்திலிருந்து ஓய்வு, மேற்கொண்டு சோதனைகள். அளவுக்குள், அதாவது நூற்றிருபதுக்குள் இருந்தால் தசைவலி, வண்டிக்குப் போகலாம். அதுதான் ஏற்பாடு.

தொண்ணூற்றெட்டு வந்தது. அளவுக்குள். பிலோமினா அந்த மடலைக் கண்ணாடித் தகட்டில் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னொருக்க ஓட்டுவோமா மேடம்?" என்றாள். தன் கணவருக்காகக் கேட்கிறாள் என்பதற்காக நான் மறுக்கவில்லை. என் கையாலேயே ஓட்டினேன். தொண்ணூற்றொன்பது. மூன்றாம் முறை, தொண்ணூற்றேழு. இதைவிடத் துல்லியம் உலகத்தில் எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்? அவளிடம் அதைத்தான் கேட்டேன். அவள், "மூணு தடவையும் ஒரே ஸ்டாண்டர்டுதானே மேடம்" என்றாள்.

ஒரே ஸ்டாண்டர்டு. என் முகத்துக்கு நேராக. ஆய்வகத்தின் முடிவை நம்பாதவர் ஆய்வகத்தில் இருக்க வேண்டாம், வெளியே போய் நில் என்றேன். போய் நின்றாள். "நம்பாம இல்ல மேடம். சரிபாக்கணும்னு சொல்லுதேன். அவ்வளவுதான்" என்று கதவருகில் நின்று சொன்னாள். நான் கையெழுத்திட்டேன். தொண்ணூற்றெட்டு, அளவுக்குள். சேவியர் வாசலில் சீட்டை வாங்கிக்கொண்டு, "வண்டிகளெல்லாம் ஒழுங்கா ஓடுதா டாக்டரம்மா?" என்று கேட்டார். ஒழுங்காக ஓடுகின்றன என்றேன்.

ஜூன் மாதம் வல்லநாடு தாண்டி அவர் பேருந்தை ஓரமாக நிறுத்தினார். கைப்பிரேக்கைப் போட்டார். பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். ஐம்பத்திரண்டு பயணிகள், ஒருவருக்கும் கீறல் இல்லை. நான் மலர்வளையம் அனுப்பினேன். கல்லறைத் தோட்டத்தின் வாசல்வரை போனேன். அவர் பீடி பிடிப்பார். அதைத் தகவலாக மட்டும் சொல்கிறேன்.

பிலோமினா நாற்பது நாள் கழித்து வேலைக்கு வந்தாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. பேச்சு மட்டும் இல்லை. செப்டம்பரில் மூன்று நாள் விடுப்புக் கேட்டாள், கொடுத்தேன். வேளாங்கண்ணிக்குப் போவாள் என்று நினைத்தேன். என்ன செய்தாள் தெரியுமா?

உறைபெட்டியில் நாங்கள் சேமித்து வைத்திருந்த பழைய சீரங்களிலிருந்து பத்தொன்பதைப் பிரித்து எடுத்திருக்கிறாள். சேவியருடையது முதல் குழாய். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு ரயிலில் போயிருக்கிறாள். அங்கே அப்போது இயந்திரம் வந்துவிட்டது. வெளிநாட்டு ஸ்டாண்டர்டும் இருந்தது. பெயர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பொய்ப்பெயர். அதோடு நிறுத்தியிருந்தால் மன்னித்திருப்பேன். இருபதாவதாக ஒரு குழாய் வைத்திருக்கிறாள். என் சீரம். ஸ்டாண்டர்டையே சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள் அம்மா! அதற்கு அவள் எழுதிய பெயர் பேச்சியம்மாள், வயது ஐம்பது.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டு. வேலைக்கு எடுத்தவள் நான். அளவுகோலைப் பிடிக்கும் விதம்கூட என்னிடமிருந்து போனது. அந்த ஆண்டுகளில் இந்த நரம்பை வேறு யாருக்கும் நான் நீட்டியதில்லை. அந்த நரம்பிலிருந்து அவள் தன் கையால் எடுத்த இரத்தத்தை, எனக்குத் தெரியாமல், வேறு பெயரில், வேற்றார் கையில் கொடுத்தாள். துரோகம் என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை. அதற்கு வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மாதாந்தரக் கூட்டம். மருத்துவமனை இயக்குநர், பிலோமினா கொடுத்திருந்த ஒரு தாளை எடுத்தார். இடப்பக்கம் எங்கள் எண்கள், வலப்பக்கம் சென்னை எண்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். எங்கள் எழுபத்திரண்டு, அங்கே நூறு. எங்கள் நூற்றெட்டு, அங்கே நூற்றைம்பது. சேவியர், எங்கள் தொண்ணூற்றெட்டு, அங்கே நூற்று முப்பத்தாறு. எல்லாம் ஒரே விகிதம். கடைசியாக இருபதாம் எண். எங்கள் தொண்ணூற்றிரண்டு, அங்கே நூற்றிருபத்தெட்டு. ஸ்டாண்டர்டு ஏறியிருக்க, அதைத் தொண்ணூற்றிரண்டு என்றே எழுதிவந்தால் மற்ற எல்லாரும் அதே விகிதத்தில் குறைவாகத்தான் தெரிவார்கள் என்றார்.

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் ஆண்கள். இருபதாம் எண் யாருடையது என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் உடம்பின் உள்செய்தியை எனக்கு முன்னால் அவர்கள் படித்துவிட்டார்கள்.

ஐஸ் உருகியிருக்கும் என்றேன். செப்டம்பர் வெயில், இரண்டாம் வகுப்புப் பெட்டி, சீரம் கெட்டால் எண் ஏறும் இறங்கும். பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மதுரையில ஒருக்க, திருச்சியில ஒருக்க, விழுப்புரத்துல ஒருக்க ஐஸ் மாத்தினேன் ஐயா" என்றாள். உருகிய ஐஸ் இருபது குழாய்களையும் ஒரே விகிதத்தில் கெடுக்குமா என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

பிலோமினா என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள். "ஏற்கெனவே மூணு தடவ சொன்னேன் மேடம், கேக்கலியே" என்றாள். அது உண்மை இல்லை. சொன்னாள், ஆனால் கேட்கும்படி சொல்லவில்லை. பிறகு எல்லார் முன்னிலையிலும், "மேடம், இது ஒங்க ரத்தம். நூத்தி இருவத்தெட்டு. அவுகளுக்கு ஆனது ஒங்களுக்கும் ஆயிரும். மொதல்ல நீங்க டாக்டரப் பாருங்க" என்றாள். எத்தனை நஞ்சு பாருங்கள். என்னைக் குற்றவாளி ஆக்கியது போதாது, நோயாளியும் ஆக்கினாள்.

அன்று மாலையே விலகல் கடிதம் கொடுத்தேன். அதோடு பதினொரு பக்க விளக்கமும் இணைத்தேன். ஐஸின் உருகுநிலையிலிருந்து தொடங்கியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிலோமினா என்ன செய்தாள்? பதிவேட்டைப் பிரித்து, கடைசி இரண்டு ஆண்டில் அளவுக்குள் என்று நாங்கள் சொல்லி அனுப்பிய, உண்மையில் தாண்டியிருக்கக்கூடிய இருநூற்றுப் பதினான்கு பேரின் முகவரிகளை எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்து ஏறினாள். சேவியரோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம். வீடு வீடாகப் போய், பழைய சீட்டு தப்பு, மறுபடி இரத்தம் கொடுங்கள் என்று சொன்னாள். நூற்று அறுபத்து மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். நூற்று அறுபத்து மூன்று வீடுகளில் என் தவறு, தவறு என்று அவர்கள் சொன்ன ஒன்று, வாசலில் நின்று அறிவிக்கப்பட்டது. என் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுக்கு வந்தவர்கள்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்தட்டை வரும். தூத்துக்குடி முத்திரை. அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரே வரி. "மேடம், டெஸ்ட் எடுத்தீங்களா?" அவ்வளவுதான். முப்பது ஆண்டு, முப்பது அட்டை. ஒரு மனுஷி முப்பது ஆண்டு ஒரே குத்தலைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் ஆதாரம் அல்லவா?

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்கிறேன். சேவியருக்கு நான் சொன்ன கடைசிச் சொல் ஒழுங்காக ஓடுகின்றன என்பது. அந்த நேரத்தில் அது மூன்று முறை சரிபார்த்த சொல். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. ஐஸ் உருகியிருந்தால் என் சொல் சரி. உருகவில்லை என்றால்... எனக்குத் தேவை ஒரு நல்ல அளவு. முப்பது ஆண்டாக அதைத் தள்ளிப்போட்டேன். பன்னிரண்டாவது படி இனித் தள்ளிப்போட விடாது போலிருக்கிறது.

மணி ஏழு பதினான்கு. ஒரு நிமிடம் மிச்சம்.

சரி, கையைப் பிடியுங்கள். இரண்டு விரற்கடை, உட்புறம். ஆம், அங்கேதான். ஆனால் ஒரு குழாய் போதாது, இரண்டு எடுங்கள். முதல் குழாயில் என் பெயரை எழுதுங்கள், செண்பகவல்லி, எண்பத்தொன்று. இரண்டாவதில் வேறு பெயர். பிலோமினா சேவியர். பெண். வயது எழுபத்திரண்டு. அதற்குத் தனிச்சீட்டுப் போடுங்கள்.

முறை இல்லை என்கிறீர்களா? மேலாளரிடம் கேட்க வேண்டுமா? கேட்டால் பயன் இல்லையே அம்மா. இரண்டும் ஒருவருடைய இரத்தம் என்று சொல்லிவிட்டு அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதிவிடுவார்கள். ஆய்வகத்தில் இருப்பவர்களின் மனம் எனக்குத் தெரியும். தங்கள் எண்ணைத் தாங்களே சந்தேகிக்க மாட்டார்கள். ஆகவே சொல்லாமல் அனுப்ப வேண்டும், வேறு பெயரில் அனுப்ப வேண்டும். அப்போதுதான் அது சோதனை. உங்கள் ஆய்வகத்தை நான் நம்பாமல் இல்லை. சரிபார்க்கிறேன். அவ்வளவுதான்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

எழுதுங்கள். பி, லோ, மி, னா. சுருட்டிய கைவிரல்களைத் திறக்கட்டுமா? ஒரே குத்தில் கிடைத்துவிட்டது பாருங்கள். வலிக்கவில்லை. அவள் கையிலும் வலித்ததில்லை. பஞ்சை நானே அழுத்திக்கொள்கிறேன், நீங்கள் குழாய்களைப் பாருங்கள். குலுக்காதீர்கள், மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இப்போது பெட்டியில் வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்.

மூடுவதற்கு முன் சீட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு இருபத்தொன்றுக்கு ஐஸ் உருகவில்லை. நானே தொட்டுப் பார்த்தேன்.